சங்கத்து ஆப்ல சேரவா, பெரிய வெப்சைட் பேக்கேஜ் போடவா? பாளை, நெல்லைல தொழில் பண்ணுதவிய கொஞ்சம் சொல்லுங்க

கொக்கிரகுளத்தான்:

வணக்கம் மக்கா. நானும் அப்பாவும் பாளையங்கோட்டைல மனை, வீடு புரோக்கர் தொழில் பண்ணுதோம். அப்பா பழைய ஆளு, டீக்கடை, பத்திர ஆபீஸ் வாசல், கோயில் கொடைன்னு ஆள் பழக்கத்துலயே தொழில ஓட்டுனவிய. நான் வந்த பொறவுதான் போன்ல போட்டோ எடுத்து நெட்ல போட ஆரம்பிச்சோம். இப்ப ரெண்டு பக்கம் இழுக்காவ, எங்கிட்டு போவன்னு தெரியல, அதான் கேக்கேன்.

மொத பக்கம் ஒரு பெரிய நேஷனல் வெப்சைட், பேரு வேண்டாம். போன வருசம் பேக்கேஜ் எடுத்தோம், நாப்பதாயிரத்துக்கு பக்கத்துல, ஜிஎஸ்டி 18 பர்சென்ட் தனி. லீடு, அதான் விசாரிச்சு வார போன், வரலன்னு சொல்ல மாட்டேன், வந்துச்சு, ஆனா வந்ததுல பாதி நம்மள மாதிரி புரோக்கர்தான், மிச்சத்துல பாதி "சும்மா ரேட்டு கேட்டேன்"னு வச்சிருதாவ. கேடிசி நகர் மனைக்கு மேப்ல பின்னு ரெட்டியார்பட்டி ரோட்டுல போய் நிக்கி, மாத்துங்கன்னு சொன்னா "டிக்கெட் ரைஸ் பண்ணியாச்சு சார்"னு ஒரு மெசேஜ், அதோட சரி. இதுல பெரிய கூத்து என்னன்னா நாங்க எடுத்த போட்டோலயே ஓரத்துல அப்பாவோட பழைய டிவிஎஸ் எக்ஸல் நிக்கும், அதே போட்டோவ எக்ஸலோட சேத்து வேற எவனோ எடுத்து "டைரக்ட் ஓனர், நோ புரோக்கரேஜ்"னு நாலு லட்சம் கூட வச்சு அதே வெப்சைட்ல போட்டிருக்கான். நாங்க ரிப்போர்ட் அடிச்சோம், அந்த லிஸ்டிங் இன்னும் ஜம்முன்னு இருக்கு, எங்களது எக்ஸ்பயரி ஆயிட்டு. இப்ப ரினியூவலுக்கு அந்த கம்பெனி பையன் வாரம் தவறாம போன் பண்ணுதான், "சார் பிளாட்டினம் எடுத்தா மேல வரும்"ங்கான்.

ரெண்டாவது பக்கம் எங்க ஏரியா புரோக்கர் சங்கம். ரேரா (ரியல் எஸ்டேட் சட்டம்), பத்திர ஆபீஸ் பிரச்சனைன்னா நல்லா நிப்பாவ, அதுல குத்தம் சொல்ல முடியாது. இப்ப மீட்டிங்ல என்ன பேச்சுன்னா சங்கமே ஒரு ஆப் போடப்போவுதாம், ஆளுக்கு அய்யாயிரம், நம்ம மெம்பர்க லிஸ்டிங் மட்டும்தான் அதுல இருக்கும், மெம்பரா இருக்கவன் வெளி வெப்சைட் எதுலயும் போடக்கூடாது, போட்டா நீக்கம், கமிஷன் ரெண்டு பர்சென்ட்டுக்கு கீழ எவனும் வாங்கக்கூடாது. தலைவரு மைக்க புடிச்சு "நம்ம சரக்க நம்மகிட்டருந்து வாங்கி நமக்கே விக்கான்"னு சொன்னதும் ஒரே கைதட்டல். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள பணம் கட்டணுமாம்.

எனக்கு தெரிய வேண்டியது இதான், புரோக்கர் சங்கமே வெப்சைட் நடத்தி எங்கயாவது ஓடிருக்கா? இல்ல எல்லாம் ரெண்டு மாசத்துல படுத்துருமா?

சந்திப்பு_அண்ணாச்சி:

தம்பி, நான் ஜங்ஷன் பக்கம் இந்த தொழில்ல தலை நரைச்சவன், அதனால உள்ளத சொல்லுதேன், சங்கத்துக்காரவிய கோச்சுக்கிட்டாலும் சரி.

வெப்சைட்ட பாத்து யாரு வாரான்னு முதல்ல பாரு. உள்ளூரு பார்ட்டி வெப்சைட் பாக்க மாட்டான். மகாராஜ நகர்ல வீடு வேணும்னா அங்கன இருக்க மச்சான்கிட்ட சொல்லுவான், மச்சான் பால்காரங்கிட்ட கேப்பான், பால்காரன் நம்மகிட்ட வருவான். வெப்சைட் பாக்குதது துபாய்ல, சென்னைல, பெங்களூர்ல இருக்க நம்ம ஊரு பையங்கதான், ராத்திரி சாப்ட்டுட்டு படுத்துக்கிட்டு பெருமாள்புரத்துல செண்டு என்ன போவுதுன்னு பாப்பாங்க. அவங்க நல்ல பார்ட்டிதான், லோன் கிளியரா இருக்கும், பேரமும் ரொம்ப பண்ண மாட்டாங்க. அவங்களுக்கு உங்க சங்கத்து ஆப் பேரே தெரியாதுலா, எப்படி வருவாங்க?

ரெண்டாவது, ஆப்ல என்னத்த போடுவிய? சத்தியமா சொல்லு, உங்க அப்பா நல்ல சரக்கு ஒண்ணு கையில இருந்தா சர்வே நம்பரோட, தெரு பேரோட சங்கத்து ஆப்ல போடுவாரா? போட்ட மறுநாள் விடியக்காலம் ஓனர் வீட்டு வாசல்ல மூணு புரோக்கர் நிப்பான்வே, மூணு பேரும் உங்க சங்கத்து மெம்பராத்தான் இருப்பான். அதனால எல்லாவனும் என்ன பண்ணுவான், விக்காம கெடக்கத தூக்கி ஆப்ல போடுவான், நல்லத டைரில வச்சிக்கிடுவான். வாட்ஸ்அப் குரூப்பு பாத்திருக்கியலா, "பாளை மெயின், வடக்கு பாத்தது, 5.5 செண்டு, 30 அடி ரோடு, நேர்ல வாங்க"ன்னு வரும், எந்த ரோடுன்னு கேட்டா "நீங்க ஓனர் சைடா பார்ட்டி சைடா"ன்னு திருப்பி கேப்பான். இந்த பயம் இருக்க வரைக்கும் ஆப்பு, கோப்பு எல்லாம் வெத்து.

கங்கைகொண்டான் பக்கம் சோலார் கம்பெனி வந்த பொறவு இன்னும் மோசம். ஒரே புஞ்சைய ஏழெட்டு பேரு ஆளுக்கொரு ரேட்ல கூவுதாங்க, நிலத்துக்காரருக்கே அவரு நிலம் என்ன விலைன்னு தெரியல.

தாழையூத்து_தம்பி:

சங்கத்து ஆப் வரட்டும் அண்ணாச்சி, அதுலயும் எக்ஸல் வண்டி போட்டோ வரும், இப்ப மூணு லிஸ்டிங்ல வரும் 😂

அய்யாயிரத்துக்கு ரசீது கேட்டு வாங்கிக்கோ மாப்ள. வேற நான் ஒண்ணும் சொல்லல.

லெஸ்டர்_நெல்லையான்:

நான் அம்பாசமுத்திரம் பக்கம், இப்ப இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கேன், வீடு வாங்கும்போது இந்த கதைய எல்லாம் நோண்டி படிச்சேன். தம்பி கேட்ட கேள்விக்கு இங்க அச்சு அசலா பதில் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன்.

இங்க ரைட்மூவ்னு ஒரு வெப்சைட், நாட்டுல வீடு தேடுதவன் முக்காவாசி பேரு அதத்தான் மொதல்ல தொறப்பான். அத ஆரம்பிச்சதே ஏஜென்ட் கம்பெனிகதான், 2000ல நாலு பெரிய கம்பெனி சேந்து போட்டுச்சு. பொறவு ஷேர் மார்க்கெட்டுக்கு போயிட்டு, போன பொறவு அதுக்கு ஏஜென்ட் முதலாளி இல்ல, வாடிக்கையாளன். வருசா வருசம் சந்தா ஏறுது, இப்ப ஒரு ஆபீஸுக்கு மாசம் சராசரியா ஆயிரம் பவுண்டுக்கு மேல போவுது. இங்கத்த ஏஜென்டும் உங்க தலைவர் மாதிரியேதான் புலம்புவான், நம்ம லிஸ்டிங் இல்லாம அவன்கிட்ட என்ன இருக்குன்னு.

அப்போ ஏஜென்ட்க சேந்து ஏஜென்ட்ஸ் மியூச்சுவல்னு ஒரு அமைப்பு வச்சு 2015 ஜனவரில ஆன்தமார்க்கெட்னு சொந்த வெப்சைட் போட்டாங்க. அதுல ஒரு விதி, மெம்பரா இருந்தா வெளிய இன்னும் ஒரே ஒரு வெப்சைட்லதான் போடலாம். ரைட்மூவ், ஸூப்ளா ரெண்டும் அப்ப பெருசு, ரெண்டுல ஒண்ண விட்டுரணும். போட்டவங்க கணக்கு என்னன்னா ரெண்டு பேரும் மெலிவாங்க, நம்ம வளருவோம். நடந்தது என்ன தெரியுமா, எல்லா ஏஜென்டும் பெரியவன விட பயந்து ரைட்மூவ்வ வச்சுக்கிட்டு ஸூப்ளாவ விட்டான். ஆக ரெண்டாவது இருந்தவனுக்குத்தான் அடி, முதல்ல இருந்தவன் முன்னவிட பலமாயிட்டான். யாரு திமிர அடக்கணும்னு கெளம்புனாங்களோ அவனுக்கே உரம் போட்ட கதை.

அந்த விதிய எதுத்து கேஸும் நடந்துச்சு, போட்டி தீர்ப்பாயம் 2017ல விதி சட்டப்படி செல்லும்னே சொல்லிருச்சு. ஜெயிச்சும் பிரயோசனம் இல்ல. பொறவு அந்த விதியையே தளர்த்திட்டு 2018ல கம்பெனியா மாத்தி பங்குச்சந்தைக்கு போனாங்க, 2023ல அமெரிக்கால உள்ள கோஸ்டார்ங்கிற கம்பெனி வாங்கிருச்சு. ஏஜென்ட் சங்கமா ஆரம்பிச்சது எட்டு வருசத்துல வேத்தாள் கைக்கு போச்சு.

அதுக்காக எங்கயுமே ஓடலன்னு சொல்ல முடியாது. நெதர்லாந்துல ஃபுண்டான்னு ஒரு வெப்சைட், அங்க ஏஜென்ட் சங்கம் என்விஎம் 2001ல போட்டது, இன்னைக்கும் அந்த ஊர்ல அதுதான் முதல் இடம். கனடாலயும் ரியல்டர் டாட் சிஏ அவங்க ஏஜென்ட் சங்கத்தோடதுதான். ரெண்டும் பெரிய தனியார் வெப்சைட் வந்து உக்காருததுக்கு முன்னாலயே வந்துட்டு, அதுதான் விசயம். நீங்க இப்ப போடுதது எல்லாரும் வந்து கடை விரிச்ச பொறவு.

இன்னொண்ணு, அண்ணாச்சி சொன்ன பயம் இங்க இல்ல. இங்க வீட்டுக்காரன் ஒரு ஏஜென்ட்கிட்ட கையெழுத்து போட்டுட்டா இத்தன வாரத்துக்கு அவன்தான், வேற ஏஜென்ட் வித்தா ரெண்டு பேருக்கும் கமிஷன் அழுவணும். அதனால ஏஜென்ட் பயமில்லாம முழு விலாசமும், ரூம் அளவும், தரைப்படமும் போடுதான். ஒரு வீட்டுக்கு ஒரு லிஸ்டிங். எக்ஸல் வண்டி போட்டோவ எவனும் தூக்க முடியாது, தூக்குனா ஓனரே கேப்பான்.

கொக்கிரகுளத்தான்:

அண்ணே அருமையா சொன்னிய, ரொம்ப நன்றி. அமெரிக்கால ஏஜென்ட் சங்கத்துக்குன்னே வெப்சைட் இருக்குன்னு தலைவரு சொன்னாரு, ரியல்டர் டாட் காம்னு. அத பாத்துத்தான் நம்மளும் போடுதோம்னாரு. அது எப்படி? நம்ம இந்தியால யாரும் இத கேஸு கீஸுன்னு கொண்டு போவலையா?

வண்ணார்பேட்டை_வக்கீல்:

ரெண்டுக்கும் சொல்றேன்.

அமெரிக்கால அடித்தளம் வெப்சைட் இல்ல, எம்எல்எஸ். ஊருக்கு ஊர் ஏஜென்ட் சங்கங்க பெரும்பாலும் நடத்துற பொதுப் பட்டியல், ஒரு ஏஜென்ட் போட்ட வீட்ட இன்னொரு ஏஜென்ட் பார்ட்டி கூட்டிட்டு வந்து முடிக்கலாம், பங்கு இவ்வளவுன்னு அதுலயே எழுதியிருக்கும். ரியல்டர் டாட் காம் அதுக்கு மேல போட்ட ஜன்னல் மாதிரி, பேரு நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸோடது, ஆனா நடத்துற மூவ் கம்பெனிய 2014லயே நியூஸ் கார்ப் வாங்கியாச்சு. அதே நியூஸ் கார்ப் கையில இருக்க ஆஸ்திரேலியாவோட ஆர்இஏ குரூப்புதான் 2020 கடைசில நம்ம ஊரு வீடு தேடுற வெப்சைட் ஹவுசிங் டாட் காமோட கட்டுப்பாட்ட எடுத்தது. உங்க தலைவர் உதாரணம் காட்டுனதும், அவர் எதுத்து நிக்கிற பெரிய வெப்சைட்டுகள்ல ஒண்ணும் மேல போய் பாத்தா ஒரே வீடு.

அந்த எம்எல்எஸ்ல கமிஷன் பங்க சங்கம் விதி போட்டு எழுத வச்சதுதான் அவங்களுக்கு வெனையா முடிஞ்சது. வீடு வித்தவங்க கேஸ் போட்டாங்க, 2023 அக்டோபர்ல மிசௌரி ஜூரி சங்கத்துக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் எதிரா தீர்ப்பு சொல்லுச்சு, 2024 மார்ச்ல சங்கம் 41.8 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டு சமாதானம் பேசுச்சு. இப்ப எம்எல்எஸ்ல வாங்குறவர் ஏஜென்டுக்கு இவ்வளவுன்னு போடக்கூடாது.

இந்தியால கேஸ் நடந்திருக்கு. 2016ல அகில இந்திய அளவுல ஒரு புரோக்கர் கூட்டமைப்பு, மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், ஹவுசிங், காமன்ஃப்ளோர், நோபுரோக்கர் இந்த வெப்சைட்டுக மேல காம்பெட்டிஷன் கமிஷன்ல (தொழில் போட்டிய கவனிக்கிற அரசு அமைப்பு) புகார் குடுத்துச்சு, புரோக்கரேஜ் இல்லன்னு சொல்லி எங்க தொழில அழிக்கிறாங்கன்னு. கமிஷன் விசாரணைக்கே எடுக்கல, நிறைய கம்பெனி போட்டி போடுற சந்தை, ஒருத்தர் கை ஓங்கி இருக்குன்னு சொல்ல முடியாதுன்னு மூடிட்டாங்க. அதனால வெப்சைட்டுகள சட்டத்தால நிறுத்துற பேச்சு வேண்டாம்.

மாறா உங்க சங்கத்து தீர்மானம்தான் எனக்கு கவலையா இருக்கு. போட்டிச் சட்டம் 3வது பிரிவு, ஒரே தொழில்ல இருக்கவங்க சேந்து விலைய நிர்ணயிக்கிறது, ஒருத்தர்கிட்ட யாவாரம் பண்ணாதன்னு ஒதுக்கி வைக்கிறது ரெண்டையும் தடுக்குது. சங்கம் மூலமா பண்ணாலும் அதேதான். மருந்துக்கடை சங்கங்க "எங்க என்ஓசி (ஆட்சேபனை இல்லைங்கிற கடிதம்) இல்லாம ஸ்டாக்கிஸ்ட் போடக்கூடாது"ன்னு, அதாவது மருந்து கம்பெனி மொத்த வியாபாரிய வைக்கக்கூடாதுன்னு வச்ச விதிக்காக காம்பெட்டிஷன் கமிஷன்கிட்ட அபராதம் வாங்கியிருக்காங்க. அபராதம் விற்றுமுதல்ல 10 சதவீதம் வரைக்கும் போகலாம். பாளையங்கோட்டைல ஒரு சின்ன சங்கத்த டெல்லில யாரும் தேடிட்டு வரப்போறதில்லதான், ஆனா "ரெண்டு பர்சென்ட்டுக்கு கீழ வாங்கினா நீக்கம், வெளிய லிஸ்டிங் போட்டா நீக்கம்"னு மினிட்ஸ் புக்குல எழுதி கையெழுத்து வாங்குறது தானா போய் சாட்சி குடுக்குற வேலை. நீக்கப்பட்ட ஒரு மெம்பர் கோபத்துல ஒரு காப்பிய எடுத்து அனுப்பினா போதும்.

இன்னொரு குழப்பமும் இங்க நிறைய பாக்கேன். கிரெடாய் 1999ல வந்தது, அது பில்டர்க சங்கம், புரோக்கருக்கு இல்ல. புரோக்கர்களுக்கு தேசிய அளவுல இருக்கது நார் இந்தியா, 2008ல இருந்து, ஊர் ஊரா இருக்க சங்கங்க அதுல உறுப்பினரா சேருதாங்க. உங்க சங்கம் அதுல இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

ரேரா பத்தி: 2016 சட்டம் 9வது பிரிவு, பதிவு பண்ண ப்ராஜெக்ட்ல மனையோ ஃபிளாட்டோ வித்துக்குடுக்கணும்னா ஏஜென்ட் பதிவு கட்டாயம். பதிவில்லாம பண்ணா 62வது பிரிவுல நாளுக்கு பத்தாயிரம், மொத்தம் அந்த சொத்து விலைல 5 சதவீதம் வரைக்கும். பழைய வீட்ட ரீசேல் பண்ணிக்குடுத்தா இது வராது. உங்க ஏரியால புது லேஅவுட் மனை விக்கிறவங்க எத்தன பேரு பதிவு பண்ணியிருக்காங்கன்னு சங்கம் முதல்ல அத பாத்தா புண்ணியமா போவும்.

சந்திப்பு_அண்ணாச்சி:

வக்கீல் சார் சொன்னதுல கமிஷன் விசயம் மட்டும் கொஞ்சம் உறுத்துது. ரெண்டு பர்சென்ட்னு பேருதான், ஓனர் சைடு ஒண்ணு, பார்ட்டி சைடு ஒண்ணு, நடுவுல தகவல் சொன்னவன், கூட்டிட்டு வந்தவன், பத்திரம் எழுதுத இடத்துல சும்மா நின்னவன்னு நாலா பிரிஞ்சு கையில வாரது பெட்ரோல் காசு. இதுல அரை பர்சென்ட்டுக்கு முடிச்சுத்தாரேன்னு ஒருத்தன் வந்தா வயிறு எரியத்தான் செய்யும். சங்கம் கோவப்படுதது அதனாலதான், வெப்சைட்டால இல்ல.

என்ஜிஓ_காலனி_அக்கா:

நான் புரோக்கர் இல்ல, வீடு வித்தவ. எல்லாரும் உங்க கஷ்டத்தையே பேசுறீங்க, விக்கிறவங்க பக்கம் என்ன நடக்குன்னு ஒருத்தரும் கேக்கல, அதனால எழுதுறேன்.

எங்க அப்பா வீடு என்ஜிஓ காலனில. அப்பா போன பொறவு நானும் தம்பியும் பெங்களூர்ல, விக்கலாம்னு முடிவு பண்ணி நானே ஒரு வெப்சைட்ல ஓனர்னு போட்டேன். போட்ட அரை மணி நேரத்துல இருந்து போன் நிக்கல. வாங்குறவங்க இல்ல, எல்லாம் புரோக்கர். "மேடம் பார்ட்டி ரெடியா இருக்காரு, சாவி எங்க இருக்கு?" இதுதான் முதல் கேள்வி. சாவி பக்கத்து வீட்டு அத்தைகிட்ட இருக்குன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன், அந்த வாரம் பூரா அத்தைக்கு தூக்கம் இல்ல, யாரு யாரோ வந்து பெல் அடிச்சு "மேடம் சொன்னாங்க"ன்னு நிக்காங்க. ஒரே வீட்டுக்கு எனக்கு தெரியாமலே அஞ்சாறு லிஸ்டிங், ஒவ்வொண்ணுலயும் ஒரு விலை, ஒண்ணுல மாடி இருக்குன்னு வேற போட்டிருந்தாங்க. மாடியே கிடையாது. வாங்க வந்தவங்க "இதே வீடு அங்க கம்மியா போட்டிருக்கே"ன்னு அந்த விலைல இருந்து பேரத்த தொடங்குறாங்க.

கடைசில வித்துக்குடுத்தவரு யாரு தெரியுமா? வெப்சைட்ல கூப்பிட்டவரும் இல்ல, சங்கத்துக்காரரும் இல்ல. சமாதானபுரத்துல ஒரு வயசான புரோக்கர், என் கூட படிச்சவ சொல்லிவிட்டா. அவர் சாவி கேக்கல. "பட்டா யாரு பேருல இருக்கும்மா"ன்னு கேட்டாரு. அப்பா பேருலன்னேன், ஆன்லைன்ல பாத்துட்டு சொல்லுங்கன்னாரு. பாத்தா தாத்தா பேருல இருக்கு! அப்பா காலத்துலயே மாத்தாம விட்டிருக்காங்க, எங்களுக்கு தெரியாது. "இத சரி பண்ணாம யாரு வந்தாலும் பேங்க் லோன் குடுக்காது, வாரிசு சான்று வாங்கி, பட்டா மாத்தி, வில்லங்க சான்று போட்டுட்டு கூப்பிடுங்க, அப்புறமா பார்ட்டி கூட்டிட்டு வாரேன்"னு சொல்லிட்டு போனவருதான். மாசக்கணக்குல ஆச்சு, இடைல ஒரு தடவகூட தொந்தரவு பண்ணல. எல்லாம் முடிஞ்சு கூப்பிட்டதும் ரெண்டாவதா கூட்டிட்டு வந்த குடும்பமே அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. ஒரு பர்சென்ட் கேட்டாரு, நான் கூடவே குடுத்தேன்.

இந்த மாதிரி ஒருத்தர்கிட்ட "உங்களுக்கு மட்டும்தான்"னு எழுதிக்குடுக்க எனக்கு ஒரு தயக்கமும் இல்ல. பத்து பேருக்கு சொல்லி வைக்கிறது ஓனர் ஆசைப்பட்டு பண்றதில்ல, ஒருத்தர் மேலயும் நம்பிக்கை இல்லாம பண்றது. உங்க சங்கம் ஆப் போட்டா எனக்கு என்ன, வெப்சைட் போட்டா எனக்கு என்ன? என் வீட்டுக்கு ஒரே லிஸ்டிங், ஒரே விலை, பொய் மாடி இல்லாம இருந்தா போதும்.

தாழையூத்து_தம்பி:

பொய் மாடி 😭 அக்கா அது "கட்டிக்கலாம்"ங்கிற அர்த்தத்துல போட்டிருப்பாங்க.

சீரியஸா ஒண்ணு கேக்கேன். அக்கா சொன்ன மாதிரி எழுதி வாங்கிட்டா பெரிய வெப்சைட்லயே போடலாமே? திருட்டு போட்டோகாரன் வந்தாலும் ஓனர் கையெழுத்து காட்டி தூக்கச் சொல்லலாம்லா. அப்போ சங்கத்து ஆப் எதுக்கு?

லெஸ்டர்_நெல்லையான்:

தம்பி கரெக்டா புடிச்சான். வெப்சைட் யாருதுங்கிறது ரெண்டாவது பிரச்சனை. கையெழுத்து இல்லாத லிஸ்டிங்க எந்த வெப்சைட்ல போட்டாலும் எக்ஸல் வண்டி கதைதான். சங்கம் ஆப்ப விட்டுட்டு ஒரு பொது ஃபார்ம் அடிச்சு குடுக்கட்டும், ஒரு மெம்பர்கிட்ட கையெழுத்தான வீட்ட இன்னொரு மெம்பர் பார்ட்டி கொண்டு வந்தா பாதிக்கு பாதி, ஓனர் வீட்டுக்கு நேரா போவக்கூடாது. அது நடந்தா அதுதான் எம்எல்எஸ், ஒரு நோட்டுப்புக்குல எழுதி வச்சாக்கூட.

கொக்கிரகுளத்தான்:

அப்பாகிட்ட எல்லாத்தையும் வாசிச்சு காட்டுனேன். சமாதானபுரத்து புரோக்கர் யாருன்னு அப்பாக்கு டக்குன்னு தெரிஞ்சிட்டு, "அவன் அப்படித்தான், சாவி கேக்க மாட்டான்"னு சிரிச்சாவ. பிளாட்டினம் எடுக்கல, சாதா பேக்கேஜ் சின்னதா மூணு மாசத்துக்கு போட்டு கையெழுத்து வாங்குன சொத்த மட்டும் போடலாம்னு இருக்கோம். சங்கத்துக்கு அய்யாயிரம் இப்ப கட்டல, நீக்குனா நீக்கட்டும்ங்காவ அப்பா, ஆனா மீட்டிங் போய் ஃபார்ம் விசயத்த எந்திச்சு பேசுவாவளாம். எனக்கு அதுதான் பயமா இருக்கு.

வக்கீல் சார், ஓனர்கிட்ட என்ன எழுதி வாங்கணும்? பவர் மாதிரி எழுதணுமா?

வண்ணார்பேட்டை_வக்கீல்:

பவர் கேக்கவே கேக்காதீங்க. பவர்ங்கிறது அவருக்கு பதிலா நீங்க கையெழுத்து போடுற அதிகாரம், அந்த வார்த்தைய கேட்டாலே ஓனர் கதவ சாத்திருவாரு, சாத்துறதும் நியாயம். இது வெறும் ஏஜென்சி ஒப்பந்தம், ஒரு பக்கம் போதும்.

சொத்து விவரம், சர்வே நம்பர், ஓனர் கேக்குற விலை, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், முதல் தடவ 60 நாளுக்கு மேல கேக்காதீங்க. அந்த நாளுக்குள்ள விளம்பரம் நீங்க மட்டும்தான் பண்ணுவீங்க, விலைய அவர் சம்மதம் இல்லாம மாத்தி போட மாட்டீங்கன்னு எழுதுங்க, இது அவருக்கு புடிக்கும். கமிஷன் எவ்வளவு, எப்ப குடுக்கணும், அட்வான்ஸ் அன்னைக்கா கிரயம் அன்னைக்கான்னு தெளிவா இருக்கணும், பாதி சண்டை இதுலதான். ஓனரே தன் சொந்தக்காரருக்கு வித்துட்டா கமிஷன் உண்டா இல்லையான்னு இப்பவே பேசி எழுதிருங்க, இல்லன்னு விட்டுக்குடுத்தா சீக்கிரம் கையெழுத்து கிடைக்கும். வாரிசு நாலு பேர் இருந்தா நாலு பேரும் போடணும், மூத்தவர் மட்டும் போட்டு "தம்பிய நான் பாத்துக்கிடுதேன்"ம்பாரு, அத நம்பி விளம்பரம் போடாதீங்க. கூடவே வில்லங்கமும் பட்டாவும் நீங்களே ஆன்லைன்ல எடுத்து அந்த பேப்பரோட பின் பண்ணி வச்சுக்கோங்க, பட்டால பேரு சரியில்லன்னா அன்னைக்கு கையெழுத்தே வாங்காதீங்க.

புது லேஅவுட் மனையா இருந்தா ரேரா நம்பர் இல்லாம இந்த பேப்பருக்கு மதிப்பு இல்ல. மீட்டிங்ல அப்பா பேசும்போது அதையும் சேத்து பேசச் சொல்லுங்க.